கேசட் கடை அக்கா பதில்கள்: "வீட்டில் என்ன டெக் இருக்கு?"

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், 1985 முதல் 28 வருடம் கேசட் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். முதலில் டெக் (வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி) வாடகை, அப்புறம் கேசட், விசிடி, டிவிடி, கடைசியில் செல்போன் ரீசார்ஜ். இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறேன். படம் பார்க்கும் பெட்டிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் போட்டிருந்தார்கள். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். எந்தப் படம் நல்லா இருக்கும் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். கல்லாவில் உட்கார்ந்தவளுக்குப் படம் பார்க்க நேரம் ஏது?

*

*மகன் பாரீசில் இருக்கிறான். லீவுக்கு வரும்போது பை நிறையப் பட சிடி வாங்கி வருகிறான். வீட்டு டிவிடி பிளேயரில் போட்டால் 'ரீஜன் தவறு' என்று எழுத்து வந்து நின்றுவிடுகிறது. புதுப் பிளேயர் இங்கே வாங்குவதா, அங்கிருந்து கொண்டுவரச் சொல்வதா?*
– இல்லத்தரசி, ரெட்டியார்பாளையம்

'ரீஜன் தவறு' என்று உங்கள் பிளேயர் சொல்கிறது அல்லவா, அதிலேயே பாதி விடை இருக்கிறது. மகன் வாங்கி வந்தது டிவிடிதான். டிவிடிக்கு அடுத்து வந்த, படம் இன்னும் தெளிவான புளூரேவாக இருந்தால் உங்கள் பிளேயருக்கு அதை அடையாளமே தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் உள்ளே கரகரத்துவிட்டு 'நோ டிஸ்க்' என்று சொல்லியிருக்கும்.

டிவிடி வந்தபோதே நாடுகளை ஆறு மண்டலமாக, அதாவது ரீஜனாக, பிரித்துவிட்டார்கள். ஒரு ஊரில் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் டிவிடியை இன்னொரு ஊரிலிருந்து வரவழைத்துப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். நமக்கு 5. பிரான்சுக்கு 2, துபாய், சவுதிக்கும் அதே 2. சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3. அமெரிக்காவுக்கு 1. டிவிடி வரும் பெட்டியின் பின்பக்கம் உலக உருண்டை மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும், எண் அதற்குள் இருக்கும். எண்ணுக்குப் பதில் 'ஆல்' என்றோ 0 என்றோ இருந்தால் எங்கும் ஓடும்.

டிவிடி மட்டும்தான் என்றால் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். நிறைய பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தி உள் மெனுவுக்குப் போய் மண்டலத்தை 0 ஆக்கிவிடலாம். ரிப்பேர் கடையில் உங்கள் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். புதிதாக வாங்குவதானால் 'மல்டி ரீஜனா?' என்று கேட்டு, மகன் கொண்டுவந்த ஒரு சிடியைக் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள். வாய் வார்த்தையை நம்பிப் பில் போடாதீர்கள். லேப்டாப்பில் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் இறங்கிவிட வேண்டாம். கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், ஐந்தாவது தடவை எதில் விட்டீர்களோ அதிலேயே பூட்டிக்கொள்ளும்.

மகன் இனி புளூரே வாங்கப் போகிறான் என்றால் கதை வேறு. அதில் மண்டலம் மூன்று: அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர் எல்லாம் ஏ, பிரான்சும் வளைகுடாவும் பி, நாம் சி. ரிமோட் வித்தை அங்கே அவ்வளவு சுலபமாகப் பலிக்காது. அப்போது பிளேயரை அங்கிருந்தே கொண்டுவரச் சொல்லலாம். அங்கேயும் நம்மைப் போல 230 வோல்ட்தான். பிளக் கால் சேராவிட்டால் ஒரு சின்ன அடாப்டர் போதும். புளூரேவைவிடவும் நுணுக்கமான 4கே டிஸ்க்கில் மண்டலத் தொல்லையே இல்லை.

இன்னொன்று. அங்கே விற்கும் சிடியில் இங்கிலீஷ் எழுத்து இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள். பிரெஞ்சு எழுத்து மட்டும் இருந்து, படத்தை நிறுத்தி நிறுத்தி மகனுக்கு வாட்ஸப்பில் அர்த்தம் கேட்கும் ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு பெரியவர் ஞாபகம் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. 1991 வாக்கில் பாண்டியிலிருந்து பஸ் ஏறி எங்கள் கடைக்கு வந்தார், மஞ்சள் பையில் ஒரே ஒரு கேசட். பிரான்சில் பேத்திக்கு ஞானஸ்நானம், அங்கே ஸ்டுடியோக்காரர் எடுத்துக் கொடுத்தது. பாண்டியில் மூன்று கடையில் போட்டுப் பார்த்தாராம். கறுப்பு வெள்ளையாகத்தான் வருகிறது, கேசட் வெளுத்துப்போச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வெளுக்கவில்லை. பிரான்சில் நிறம் அனுப்பும் முறை செகாம், நம்முடையது பால். (ஆவின் பால் இல்லை.) செகாம் கேசட்டை பால் டெக்கில் போட்டால் படம் வரும், நிறம் வராது. இதை அவருக்கு விளக்கிக்கொண்டே ஓட்டினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. திரையைப் பார்த்தபடி, "அந்த கவுன் ரோஸ் கலரும்மா. லெட்டர்ல எழுதியிருந்தாங்க" என்றார். செகாம், பால் இரண்டிலும் ஓடுகிற டெக்கும் டிவியும் வைத்திருந்த ஒரு வீட்டை அப்புறம் மிஷன் வீதிப் பக்கம் கண்டுபிடித்துச் சொன்னோம். ரோஸ்தானா என்று வந்து சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

*

*பீட்டாமேக்ஸ்தான் விஎச்எஸ்ஸைவிடத் தரமானது என்று படித்திருக்கிறேன். தரமான பொருள் தோற்றது எப்படி?*
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நெல்லிக்குப்பம்

ஐயா, இந்தக் கேள்வியோடு நான் குடித்தனமே நடத்தியிருக்கிறேன்.

கல்யாணமாகி நான் வந்தபோது கடையில் இரண்டு டெக் இருந்தது, ஒன்றின் கேசட் மற்றதில் ஓடாது. ஒன்று விஎச்எஸ். இன்னொன்று என் கணவரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பீட்டாமேக்ஸ், சுருக்கமாக பீட்டா. அந்த பீட்டா டெக்குக்கு வீட்டில் மாப்பிள்ளை மரியாதை. தனித் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். "படம் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பார் என் கணவர். இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே காட்சியை ஓட்டினால்தான் அந்த வித்தியாசம் தெரியும். கடலூரில் எந்த வீட்டில் இரண்டு டெக்கையும் இரண்டு டிவியையும் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள்?

கடை அலமாரியில் விஎச்எஸ் கேசட் 140. பீட்டா 11. அந்தப் பதினொன்றில் மூன்று ஒரே படம்.

ஒரு ராத்திரி மஞ்சக்குப்பத்தில் ஒரு காதுகுத்து வீட்டுக்கு டெக் வேண்டும் என்று வந்தார்கள். விஎச்எஸ் வெளியே போயிருந்தது, பீட்டாவைக் கொடுத்தோம், கூட மூன்று படம். விடிய விடியப் படம் பார்க்கிற கூட்டம் அது. மூன்று படமும் ஓடிவிட்டது. யாரோ பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு கேசட் வாங்கி வந்தார்கள். விஎச்எஸ். அது பீட்டாவைவிட மூன்று சென்டிமீட்டர் அகலம் அதிகம், வாயிலேயே நுழையாது. நுழையாததை நுழைப்பதற்கென்றே எல்லா விசேஷ வீட்டிலும் ஒரு மாமா இருப்பார் அல்லவா? காலையில் டெக் திரும்பி வந்தபோது கேசட் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கான பாகம் கடலூரில் இல்லை, பாண்டியில் இல்லை. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்ப எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் விஎச்எஸ் டெக் ஓடி ஓடிச் சம்பாதித்தது.

இனி உலகக் கதை. சோனி பீட்டாமேக்ஸைக் கொண்டுவந்தது 1975-இல். ஜேவிசி கம்பெனியின் விஎச்எஸ் அடுத்த வருடம் 1976-இல். ஆரம்பத்தில் பீட்டா கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியலாம், விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஒரு சினிமா முழுதாக ஒரு கேசட்டில் அடங்குமா அடங்காதா என்ற இடத்தில் அது பெரிய வித்தியாசம். ஜேவிசி அதோடு நிற்காமல் நேஷனல், ஹிட்டாச்சி, ஷார்ப், அகாய் என்று பலரையும் விஎச்எஸ் செய்ய விட்டது. பல கம்பெனி செய்தால் விலை இறங்கும். விலை இறங்கினால் பல வீட்டில் இருக்கும். பல வீட்டில் இருப்பதற்குத்தான் கடைக்காரன் கேசட் வாங்கி அடுக்குவான்.

நம் ஊருக்கு டெக் பரவலாக வந்த காலத்தில் பீட்டாவிலும் மூன்று மணி நேர நாடா வந்துவிட்டது. அதாவது பழைய குறை தீர்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் அலமாரி நிரம்பிவிட்டது. சோனியே 1988-இல் விஎச்எஸ் டெக் செய்ய ஆரம்பித்தது. பீட்டா கேசட் செய்வதை 2016 மார்ச்சில்தான் நிறுத்தினார்கள் என்று படித்தபோது, இத்தனை வருடம் யார் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். அதே வருடம் ஜூலையில் ஃபுனாய் கம்பெனி கடைசி விஎச்எஸ் டெக்கைச் செய்து முடித்தது. எங்கள் கடையில் அதிகம் வாடகைக்குப் போனதும் ஃபுனாய்தான். கைவண்டியிலிருந்து விழுந்தால்கூட ஓடும்.

*

*65 அங்குல டிவி வாங்கியிருக்கிறேன். கடையில் 4கே டிஸ்க் பிளேயரும் சேர்த்து வாங்கச் சொன்னார்கள். நண்பர்கள் சாதாரண புளூரே போதும் என்கிறார்கள். இன்னும் சிலர் இதெல்லாம் எதற்கு, நெட்டில் பார் என்கிறார்கள். தலை சுற்றுகிறது அக்கா.*
– முந்திரி வியாபாரம் செய்பவர், பண்ருட்டி

தம்பி, சோபாவிலிருந்து டிவி எத்தனை அடி? கடைக்காரர் இதைக் கேட்டாரா?

65 அங்குல டிவியின் திரை அகலம் சுமார் 144 சென்டிமீட்டர். புளூரே படம் அந்த அகலத்தை 1,920 புள்ளியாகப் பிரிக்கிறது. ஒரு புள்ளி முக்கால் மில்லிமீட்டர் வரும். சாதாரணக் கண்ணுக்கு எட்டரை அடிக்கு அப்பால் அந்தப் புள்ளி தனியாகத் தெரியாது. 4கே அதையே 3,840 ஆக்குகிறது. நீங்கள் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் அந்தக் கூடுதல் புள்ளிக்குக் கொடுத்த காசு சுவருக்கும் சோபாவுக்கும் நடுவில் காற்றில் போகிறது. ஆறடி, ஏழடி என்றால் தெரியும். டிவிடி கதை வேறு. அதில் புள்ளிகள் மிகவும் குறைவு. பத்தடியிலும் குழைவாகத்தான் தெரியும், அதில் உங்கள் கண்ணைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆனால் 4கே டிஸ்க்கில் புள்ளி மட்டும் இல்லை. எச்டிஆர் என்று ஒன்று இருக்கிறது: வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம், நிறங்களின் அடர்த்தி. தீபாராதனை காட்டும்போது சுடர் பளிச்சென்றும், கருவறை கருவறையாகவும் ஒரே நேரத்தில் தெரிவது. அதற்குத் தூரம் தடையில்லை. உங்கள் டிவிக்கு அந்த வெளிச்சத்தைக் காட்டும் தெம்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். விலை குறைந்த டிவிகளில் பெட்டிமேல் எச்டிஆர் என்று எழுதியிருக்கும், திரையில் தேட வேண்டியிருக்கும்.

நெட்டில் பார்ப்பது சரிதான். ஒரு கணக்கு மட்டும் பாருங்கள். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் உங்கள் இணைப்பில் கேட்பது நொடிக்கு 15 மெகாபிட். 4கே டிஸ்க்கில் அது 128 வரை போகலாம். இரண்டுமே 4கே தான். ஒன்று இளநீர், இன்னொன்று பாட்டிலில் அடைத்த இளநீர். புகை, மழை, இருட்டு, கூட்டம் வரும் காட்சிகளில் நெட்டுப் படம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். வானம் நீலமாக இருந்து இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

கடையில் காட்டும் டெமோவில் எப்போதும் பூ, பழம், கிளி, கடல்தான். கிளி எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் ஒரு டிஸ்க்கை எடுத்துப் போங்கள், ராத்திரிக் காட்சியில் ஒரு முகம் அருகில் வருகிற மாதிரி படம். மூக்குப் பக்கத்து நிழலைப் பாருங்கள். அந்த நிழல் தார் பூசியது மாதிரி ஒரே கறுப்பாக இருந்தால் அடுத்த பிளேயருக்கு, அடுத்த டிவிக்கு நகருங்கள். விற்பனைப் பையன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும்.

என் முடிவு என்ன என்றால், நீங்கள் பார்ப்பது தமிழ்ப் படம் மட்டும் என்றால் பிளேயரே வேண்டாம். 4கே டிஸ்க்கில் தமிழ்ப் படத்தைத் தேடி அலைவது மார்கழியில் பலாப்பழம் தேடுவது மாதிரி, அதை உங்கள் ஊரில் நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலீஷ் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள், வீட்டில் நல்ல ஸ்பீக்கரும் இருக்கிறது என்றால் 4கே பிளேயரே வாங்குங்கள், நடுவில் புளூரேவில் நிற்க வேண்டாம். 4கே பிளேயர் புளூரேவையும் டிவிடியையும் வாசிக்கும். புளூரே பிளேயர் 4கே டிஸ்க்கை வாசிக்காது. வீட்டில் டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5 இருந்தால் பர்சை மூடுங்கள், அதுவே 4கே பிளேயர்தான். பிளேஸ்டேஷன் 4 இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்புறம், சாம்சங் 2019-இலேயே இந்த வியாபாரத்திலிருந்து விலகிவிட்டது. பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடுகிறார்கள் என்றால், ரிப்பேருக்கு யார் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

*

*பாண்டி சண்டே மார்க்கெட்டில் 'எச்டி டிவிடி' என்று போட்ட பத்துப் பட டிஸ்க் மலிவாகக் கிடைத்தது. எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை. ஏமாந்துவிட்டேனா?*
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

சிவப்பு நிறப் பெட்டி, சரியா? காந்தி வீதியில் துணிக் குவியலுக்கும் பழைய சார்ஜர் குவியலுக்கும் நடுவில் கிடந்திருக்கும்.

ஏமாற்று இல்லை தம்பி. தோற்றுப்போன கட்சியின் ஓட்டுச் சீட்டு அது. டிவிடிக்கு அடுத்தது யார் என்று 2006-இல் இரண்டு பேர் நின்றார்கள். தோஷிபாவின் எச்டி டிவிடி, சோனி தரப்பின் புளூரே. பீட்டாவில் பட்ட அடியை சோனி மறக்கவில்லை. அந்த வருடம் நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3-க்குள்ளேயே புளூரே டிரைவை வைத்து அனுப்பிவிட்டது. விளையாட்டுக்கென்று வாங்கிய பையன்கள் வீட்டிலெல்லாம் தெரியாமலே புளூரே பிளேயர் குடியேறிவிட்டது. 2008 ஜனவரி 4 அன்று வார்னர் கம்பெனி இனி புளூரே மட்டும்தான் என்று அறிவித்தது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா கடையை மூடியது. எண்ணிப் பாருங்கள், ஒன்றரை மாதம்.

இரண்டிலும் ஒரே நீல லேசர்தான். ஆனால் டிஸ்க்கில் தகவல் இருக்கும் ஆழம் வேறு. எச்டி டிவிடியில் மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே, புளூரேவில் 0.1 மட்டும். அதனால் புளூரே பிளேயரின் கண் உங்கள் டிஸ்க்கில் சரியான இடத்தில் நிலைக்காது.

பத்தையும் வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சில எச்டி டிவிடிகளில் மறுபக்கம் சாதா டிவிடி பதிந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் பளபளவென்று இருந்து, நடு ஓட்டையைச் சுற்றி ஒரு பக்கம் டிவிடி என்று பொடி எழுத்து இருந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டுப் பாருங்கள், மண்டலம் ஒத்துவந்தால் ஓடும். பத்தில் ஒன்றிரண்டாவது தேறலாம். மிச்சத்தை மாடியில் புறா விரட்டக் கட்டுங்கள்.

*

*பெட்டியில் 150 நிமிடம் என்று போட்ட படம் என் டிவிடியில் 144 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எந்தக் காட்சியை வெட்டினார்கள்?*
– சினிமா ரசிகர், சிதம்பரம்

வெட்டவில்லை, ஓட்டிவிட்டார்கள். தியேட்டரில் நொடிக்கு 24 படம். பால் முறை டிவிடியில் 25. அதனால் முழுப் படமும் கொஞ்சம் வேகமாக ஓடி, 150 நிமிடம் சரியாக 144 ஆகும். பாட்டும் கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிக் கேட்கும். கச்சேரி கேட்கும் காது உள்ளவர் என்றால் இதற்கு முன்பே எரிச்சல் வந்திருக்கும். என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் முறை) என்று போட்ட டிவிடி வாங்குங்கள், அதில் இந்த ஓட்டம் இருக்காது.

*

*ஒரே டிவிடியில் ஆறு படம் இருக்கிறது. லாபம்தானே?*
– பெயர் போட வேண்டாம் என்றவர், விழுப்புரம்

பெயர் போட வேண்டாம் என்று எழுதியபோதே உங்களுக்கு விடை தெரியும். ஒரு படத்துக்கே போதும் போதாமல் இருக்கும் 4.7 ஜிபி தட்டில் ஆறு குடும்பம் குடியிருந்தால் முகம் எப்படித் தெரியும்? அடுத்த கடிதம்.

*

*1989-இல் எடுத்த எங்கள் கல்யாண கேசட் பீரோவில் இருக்கிறது. மகள் அதைச் சிடியாக்கச் சொல்கிறாள். விசிடியா, டிவிடியா, பென்டிரைவா? எதில் போடுவது?*
– தம்பதி, கடலூர் முதுநகர்

எதில் போடுவது என்பதற்கு முன்னால் எதை ஓட்டக் கூடாது என்று பார்ப்போம். முதுநகர் என்றால் உப்பங்காற்று. கேசட்டைக் கையில் எடுத்து, கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடியுங்கள். நாடாச் சுருளின் விளிம்பில் மாவு தூவினது மாதிரி வெள்ளை தெரிகிறதா? பூஞ்சை. அப்படியே டெக்கில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அந்த டெக்கில் அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். நாடா அறுந்தும் போகலாம். ஓரத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால் மூடி திறக்கும், அங்கே நாடாவின் முகத்தையும் பாருங்கள். சுருள் தளர்ந்திருந்தால் அடிப்பக்கம் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். அதில் பேனா முனையை விட்டு அழுத்திக்கொண்டு பல்சக்கரத்தை விரலால் சுற்றினால் இறுகும். ஆடியோ கேசட் மாதிரி பென்சிலை மட்டும் விட்டுச் சுற்றினால் சுற்றாது, பூட்டு இருக்கிறது.

பூஞ்சை இருந்தால், சுத்தம் செய்து மாற்றித் தருகிறவர்களிடம் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் நல்ல டெக் வைத்திருக்கும் ஸ்டுடியோ போதும்.

மாற்றும்போது விசிடி வேண்டவே வேண்டாம். அதில் படத்தின் அளவு 352-க்கு 288, கேசட்டில் இருந்ததையும் பாதியாக்கிவிடும். டிவிடியில் 720-க்கு 576, அது போதும். ஆனால் வீட்டில் எரிக்கும் டிவிடி சாயம் பூசியது, அதுவும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வெளுக்கும். எனவே ஃபைலாக வாங்கி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று மகள் வீட்டில். மகளுக்குப் பிடிக்கும் என்று டிவிடியும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பென்டிரைவ் கொண்டுபோகக் கொண்டுவர மட்டும்.

"கலர் ஏற்றித் தருகிறோம், பேக்ரவுண்டில் புதுப் பாட்டு போட்டுத் தருகிறோம்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். தாலி கட்டும்போது உங்கள் முகம் தாமரைப் பூவுக்குள் சுழன்று வருமே, அந்த மிக்சிங்கோடு, நாதஸ்வரத்துக்கு நடுவே யாரோ 'சாம்பார் எங்கய்யா' என்று கத்துவதோடு அப்படியே இருக்கட்டும். அந்தக் குரல் யாருடையது என்று இன்றைக்கு உங்களுக்குத் தெரியும். மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

*

*அக்கா, கல்லாவில் இருந்தபோது வாடிக்கையாளரிடம் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? தவறாக யோசனை சொன்னது உண்டா?*
– வாசகி, வில்லியனூர்

"வீட்டில் என்ன டெக் இருக்கு?" அதற்கு அடுத்தது, "பார்த்துட்டு யாருக்குக் கொடுப்பீங்க?"

இரண்டாவது கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்றுவிட்டுப் போகிற வழியில் கடைக்கு வரும் ஒரு அம்மா. 2007-இல் மோசர் பேர் கம்பெனி ஒரிஜினல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. இரண்டையும் கல்லாமேல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்தேன். ஆறே ரூபாய் வித்தியாசம். ஒரு டீக்குக் கொஞ்சம் மேலே. எல்லோரும் டிவிடிதான் எடுப்பார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா கூடையை இறக்கிவைத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு விசிடியை எடுத்தார். "வீட்டில் டிவிடி பிளேயர்னு சொன்னீங்களேம்மா, இதை எடுங்க, படம் நல்லா இருக்கும், நடுவுல சிடி மாத்த வேணாம்" என்றேன். "என் வீட்டில இருக்கு. என் தங்கச்சி வீட்டில, நாத்தனா வீட்டில பழசுதானே? இது மூணு வீட்டிலயும் ஓடும்" என்றார். டிவிடி பிளேயர் விசிடியை வாசிக்கும், விசிடி பிளேயர் டிவிடியை வாசிக்காது. 22 வருடம் கடை நடத்திய எனக்கு அந்தக் கணக்கு தோன்றவில்லை. பத்து விசிடி வாங்கிப்போனார்.

தவறான யோசனை? சொல்லியிருக்கிறேன். 2000-ஆம் வருடம், கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு போஸ்ட்மேன் வந்தார். போனஸ் பணம் கையில். விசிடி பிளேயர் வாங்குவதா, டிவிடி வரும் என்கிறார்களே காத்திருப்பதா என்று கேட்டார். "டிவிடி எல்லாம் மெட்ராஸுக்குத்தான் சார். நம்மூருக்கு வரப் பத்து வருஷம் ஆகும்" என்று அடித்துச் சொல்லி விற்றேன். இரண்டு தீபாவளி போவதற்குள் எங்கள் கடைக் கண்ணாடியிலேயே டிவிடி பிளேயர் உட்கார்ந்திருந்தது. அவர் வந்தார், அதைப் பார்த்தார், விலைச் சீட்டைப் படித்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு விசிடி வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறமும் மாதம் ஒன்று விசிடிதான். அவர் வந்தால் நான் பில் புத்தகத்தில் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடைக் கூரை ஒரு பக்கம் போய்விட்டது. மாடிப்படிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த 900 விஎச்எஸ் கேசட்டும் நனைந்து ஊறின. கவிழ்த்தால் ஒவ்வொன்றிலும் காபித் தண்ணி மாதிரி வடிந்தது. நாலாவது நாள் அதையெல்லாம் சாக்கில் அள்ளிக்கொண்டிருக்கும்போது போஸ்ட்மேன் வந்தார். ரிட்டயர் ஆகியிருந்தார். கையில் ஒரு வாளி, வாளி நிறைய சேறு பூசிய விசிடி.

"இதெல்லாம் போச்சாம்மா?"

வாளியில் நல்ல தண்ணீர் மாற்றி, கையால் தேய்க்காமல் அலசி, பழைய மெல்லிய வேட்டித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒற்றித் துடைக்கச் சொன்னேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு போகும், லேசர் தடுமாறும். நடுவிலிருந்து வெளியே துடைத்தால் கீறல் விழுந்தாலும் தாண்டிவிடும். இரண்டு பேரும் உட்கார்ந்து துடைத்தோம். காய வைக்க இடமில்லை. துணிக் கொடிக் கயிற்றை ஒவ்வொரு ஓட்டையிலும் கோத்து, கூரை இல்லாத பக்கம் கட்டினோம். தெருவே திரும்பிப் பார்க்கும்படி மினுமினுத்தது.

எங்கள் பக்கம் கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்கும் ஒரு வாரம் கழித்து வந்தார்.

"அறுபத்திரெண்டுல அம்பத்தெட்டு ஓடுது" என்றார். "அந்த நாலும் உங்க கடையில வாங்கினது இல்ல."